வைரத்துக்குப் பதில் வெள்ளை சஃபையர்: கல்யாண மோதிரத்துக்குச் சரிவருமா?

யீஷூன் தமிழரசி:
வணக்கம். தை மாதத்தில் எங்கள் கல்யாணம். ஒரு மோதிரமும் அம்மாவுக்கு ஒரு ஜோடி தோடும் வாங்க வேண்டும். வீவக வீட்டுச் சாவி கைக்கு வரும்போது சேமிப்பில் பெரும்பகுதி அங்கே போய்விடும். அதனால் வைரத்துக்கு ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவழிக்க எங்கள் இருவருக்குமே மனமில்லை. காசு மட்டும் காரணமில்லை. ஆப்பிரிக்காவில் வைரத்தை வைத்து நடந்த போர்களைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கல் மேலிருந்த ஆசையே போய்விட்டது. வைர வணிகத்தைக் கண்காணிக்க 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி என்ற அனைத்துலக ஏற்பாடும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் போவதைத் தடுக்கத்தான். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது அதன் எல்லைக்குள் வராது.

சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் நிறமே இல்லாத சஃபையர் காட்டினார்கள். "வைரம் மாதிரியே இருக்கும், பக்கத்தில் வைத்தாலும் யாருக்கும் தெரியாது" என்றார் விற்பனையாளர். விலை அதே அளவு வைரத்தைவிட மிகக் குறைவு. பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் சொன்னதை அப்படியே நம்பலாமா? தினமும் போட்டால் தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
தங்கச்சி, கல் பதிக்கும் வேலைதான் என் தொழில், அதனால் நேராகவே சொல்கிறேன். வைரம் மாதிரியே இருக்கும் என்பது உண்மையில்லை. பக்கத்தில் வைத்தால் நிச்சயம் தெரியும். அதற்காக அது மட்டமான கல் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளை சஃபையர் அருமையான கல். அதை வைரம் என்ற பெயரில் விற்பதுதான் அந்தக் கல்லுக்குச் செய்யும் அநியாயம்.

காரணம் ஒளிதான். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, சஃபையருடையது ஏறக்குறைய 1.77. இதன் பலன் என்னவென்றால், நேராக விழும் வெளிச்சத்தில் வைரம் மேற்பரப்பிலேயே சுமார் 17 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். சஃபையர் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அடிக்கும். உள்ளே போகிற ஒளியையும் வைரம் எளிதில் வெளியே விடாது, பட்டைக்குப் பட்டை மோதவிட்டு மேலேயே திருப்பும். சஃபையரில் அதில் ஒரு பங்கு அடிவழியாகக் கசிந்துவிடும். அப்புறம் அந்த வானவில் பொறி. வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரிக்கிற திறன் வைரத்துக்கு 0.044, சஃபையருக்கு 0.018. ஆகவே வெள்ளை சஃபையரில் சிவப்பும் நீலமுமாகத் தெறிக்கிற நெருப்பை எதிர்பார்க்காதீர்கள். அதன் அழகு தெளிந்த ஊற்றுநீரின் அழகு. அமைதியான, வெள்ளி கலந்த மினுமினுப்பு. அது கண்ணுக்குப் பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே மேலிருந்து அடிக்கிற விளக்கில் கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும். கடைக்காரரிடம் கேட்டு, அவரையும் உடன் வைத்துக்கொண்டு, வெளியே ஐந்தடி நடைபாதையில் நிழலில் கல்லைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் அந்த வெளிச்சத்தில்தான் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பதிக்காத கல் என்றால் தமிழ் முரசு பக்கம் ஒன்றின் மேல், தட்டையான முகம் மேலே இருக்கும்படி வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் வெட்டு சரியில்லை. ஒளி திரும்பாமல் அடிவழியாக ஓடுகிறது என்று அர்த்தம். எடை குறையக் கூடாது என்பதற்காகக் கோணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டிய கற்கள் சந்தையில் ஏராளம். வைரம் மோசமான வெட்டையும் ஓரளவு சமாளிக்கும், வெள்ளை சஃபையர் சமாளிக்காது. நிறம் இல்லாத கல்லுக்கு வெட்டை விட்டால் காட்டுவதற்கு வேறென்ன இருக்கிறது?

பொங்கோல் இளங்கோ:
பட்டறை அண்ணன் ஒளியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உறுதியைப் பற்றிச் சொல்கிறேன்.

சஃபையர் என்பது குருந்தம், அதாவது படிகமான அலுமினியம் ஆக்சைடு. கல்லின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் இது 9, வைரம் 10. ஒரே ஒரு படி வித்தியாசம் என்று நினைக்கக்கூடாது, உண்மையான கடினத்தில் வைரம் பல மடங்கு மேலே இருக்கிறது. ஆனாலும் அன்றாட வாழ்க்கையில் நகையைத் தேய்க்கிற முக்கிய எதிரி தூசியிலும் மணலிலும் இருக்கிற குவார்ட்ஸ். அது 7தான், சஃபையரை ஒன்றும் செய்யாது. நல்ல கைக்கடிகாரங்களின் மேல் கண்ணாடியாக ஆய்வகத்தில் வளர்த்த சஃபையரைப் போடுவது இதனால்தான். வைரத்துக்கு இருக்கிற ஒரு பலவீனமும் இதற்கு இல்லை. வைரம் சில திசைகளில் அடிபட்டால் தளமாகப் பிளக்கும். சஃபையருக்கு அப்படிப் பிளக்கும் தளம் கிடையாது.

ஆய்வகத்தில் வளர்த்தது என்றேன், அதில்தான் கவனம் வேண்டும். ஒகுஸ்த் வெர்னுவில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் பொடியை உருக்கிக் குருந்தம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். அதன் பிறகு நிறமற்ற செயற்கை சஃபையர் பல பத்தாண்டுகள் வைரத்துக்கு மாற்றாக நகைகளில் வந்தது. இன்றைக்கு அது மிக மலிவு. வேதியியலில் இயற்கைக் கல்லும் அதுவும் ஒன்றே. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நுண்ணோக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் சில சமயம் காட்டிக்கொடுக்கும், ஆனால் நிறமற்ற கல்லில் அந்தக் கோடுகளைக் காண்பது கடினம். இயற்கைக் கல்லின் விலை சொல்கிறார்கள் என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள்.

என் சொந்தக் கருத்து வேறு. ஆய்வக வைரம் இன்று இவ்வளவு கீழே இறங்கிவிட்ட பிறகு எதற்கு சஃபையர்? சுரங்க வைரத்துக்குப் பெயர் பெற்ற டி பீர்ஸ் நிறுவனமே 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட் 800 அமெரிக்க டாலருக்கு ஆய்வக வைரம் விற்க வந்தது. அப்போது அது பெரிய விலைக்குறைப்பு. சந்தை அதையும் தாண்டிச் சரிந்து, 2025இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தார்கள். வைரத்தின் அத்தனை பிரகாசமும் வேண்டும், சுரங்கம் வேண்டாம் என்றால் பதில் அங்கே இருக்கிறது.

யீஷூன் தமிழரசி:
இளங்கோ, அவரும் இதையேதான் சொல்கிறார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆய்வக வைரத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மண்ணிலிருந்து வந்த கல் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வைரம் என்று பிறர் நினைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குத் துளியும் இல்லை. அந்தக் கடையில் இலங்கைக் கல் என்றார்கள். அதில் ஏதாவது சிறப்பு உண்டா?

இரத்தினபுரிப் பேத்தி:
தங்கச்சி, என் அம்மம்மா வீட்டார் இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்தவர்கள், நான் இப்போது பிடோக்கில் இருக்கிறேன். நிறமற்ற சஃபையருக்கு நீண்ட காலமாகவே இலங்கைதான் பெயர் பெற்ற இடம். அங்கே பெரிய இயந்திரம் வைத்து மலையை உடைப்பதில்லை, பெரும்பாலும் குழிதான். வயலில் மரச்சட்டம் கட்டிக் கீழே இறங்கி, இல்லம் என்று நாங்கள் சொல்கிற ரத்தினச் சரளையை மேலே ஏற்றி, கூடையில் போட்டு நீரில் அரிப்பார்கள். வேலை கடுமையானது. மழைக்காலத்தில் குழி சரியும் ஆபத்தும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் குழிக்காரர்கள் பலர் கூலிக்குப் பதிலாக விற்பனையில் பங்கு பெறுகிறார்கள், வேலை முடிந்ததும் குழியை மூடவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எனக்கு அந்த மண்ணிலிருந்து வருகிற கல் மேல் மரியாதை உண்டு.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் மாணிக்கச் சிவப்பு. எதுவுமே கலக்காமல் முழுத் தெளிவாக வருவது சுலபமில்லை. வெள்ளை சஃபையர் என்று விற்கிற பலவற்றில் லேசான மஞ்சளோ சாம்பலோ நீலமோ ஒளிந்திருக்கும். வெள்ளைத் தாளின் மேல் கல்லைப் பக்கவாட்டில் கிடத்திப் பாருங்கள், நிறம் இருந்தால் அப்போது தெரியும். பால் கலங்கினாற்போல இருந்தால் வேண்டாம். கெவுடா என்ற பால்நிறக் கற்களை முன்பு எங்கள் ஊரில் மதிப்பில்லை என்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிச் சூளையில் சூடாக்கி நல்ல நீலக்கற்களாக மாற்றினார்கள். அந்தக் கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வார்கள்.

நேரில் போய் வாங்க நினைத்தால், பேருவளையில் சீனன்கோட்டைச் சந்தை பெரியது. ஆனால் அனுபவமில்லாமல் தெருவில் வாங்கக் கூடாது. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, அங்கே காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். திரும்பி வரும்போது வரியையும் கணக்கில் வைக்க வேண்டும். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால் 500 வெள்ளி மதிப்பு வரைக்கும் விலக்கு, அதற்கு மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. சாங்கியில் நீங்களாகவே அறிவித்துக் கட்டுவதுதான் முறை.

தேக்கா சித்தி:
பிள்ளைகள் விவரமாகப் பேசுகிறீர்கள், படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் பக்கமிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

வெள்ளை புஷ்பராகம் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். சுக்கிரனுக்கு உரிய கல் வைரம், அது வாங்க முடியாதவர்கள், அல்லது வைரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப் போடலாம் என்பது பழைய வழக்கம். எங்கள் அம்மா வைரம் வாங்கும்போது கல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, கெட்ட கனவு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தோடு கட்டக் கொடுத்தார். நீ இதையெல்லாம் நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை அம்மா. ஆனால் உன் மாமியார் வீட்டில் கேட்டால், இது நவரத்தினக் குடும்பத்துக் கல், பெரியவர்கள் அறிந்த கல் என்று தைரியமாகச் சொல்லலாம். கடையில் மட்டும் புஷ்பராகம் என்று கேட்காதே. டோபாஸ் கல்லையும் அதே பெயரில் எடுத்து வைப்பார்கள். அதன் விலையும் வேறு, உறுதியும் குறைவு.

அம்மாவுக்குத் தோடு என்றாயே, ஏழுகல் தோடா? அப்படியென்றால் நான் கொஞ்சம் தயங்குவேன். ஏழுகல் தோட்டின் அழகே சின்னச் சின்னக் கற்கள் சேர்ந்து பளீரென்று அடிப்பதில்தான் இருக்கிறது. ஒற்றைக்கல் தோடு என்றால் நன்றாக இருக்கும். மூக்குத்திக்கும் வெள்ளை சஃபையர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மாநிறத்துக்கு எடுப்பாகவே இருந்தது.

அம்மாவிடம் இது வைரமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. பிறகு யாரோ சொல்லித் தெரிந்தால் மனம் நோகும்.

செம்பவாங் மணி:
எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், எங்கள் அனுபவம் அப்படி இல்லை. மனைவிக்கு வெள்ளை சஃபையர் மோதிரம் வாங்கினேன், கடையின் பெயர் இங்கே வேண்டாம். வைரத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்றுதான் விற்றார்கள். முதல் சில மாதம் அழகாக இருந்தது. பிறகு கண்ணாடி மாதிரி மங்கிப்போனது. கழுவினால் ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுபடி மங்கும். இப்போது பட்டைகளின் விளிம்பும் மழுங்கித் தெரிகிறது. கடையில் கேட்டால் "போடுகிற விதத்தில் இருக்கிறது" என்று கைவிரித்தார்கள். இரண்டாம் முறை வாங்கினால் ஆய்வகத்தில் செய்கிற மொய்சனைட் கல்தான்.

பட்டறைக்காரன்:
மணி அண்ணே, உங்கள் கோபம் நியாயம். வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மங்குவதற்குக் காரணம் கல் கெட்டுப்போவது அல்ல. கை கிரீம், வெயில் கிரீம், சமையல் எண்ணெய், சோப்பு எல்லாம் கல்லின் மேலும் அடியிலும் மெல்லிய படலமாகப் படிகின்றன. வைரத்திலும் படியும், சொல்லப்போனால் வைரம் கொழுப்பை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் வைரத்துக்குத் திருப்பி அடிக்கும் சக்தி அதிகம், அழுக்கோடும் கொஞ்சம் மின்னும். சஃபையருக்கு அந்த உபரி கிடையாது. அடிப்பக்கத்தில் எண்ணெய் படிந்தால் ஒளி அந்த வழியே ஓடிவிடும், நீங்கள் சொல்கிற கண்ணாடித் தோற்றம் அப்போதுதான் வரும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, குழந்தைகளின் மென்மையான பல் தூரிகை. மேலே தேய்த்தால் போதாது, அடியில் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை செய்தால் மங்காது. நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் வாரம் ஒருமுறை என்பது அதிகமில்லை.

விளிம்பு மழுங்கியது வேறு விஷயம். வைர மோதிரத்தோடு ஒரே டப்பாவில் போட்டுவைத்தீர்களா? அல்லது பக்கத்து விரலில் வைரம் போடுகிறாரா? பட்டறைக்கு வருகிற சஃபையர்களில் விளிம்பு தேய்ந்தவற்றில் பலவற்றுக்கு இதுதான் காரணம், வைரம் சஃபையரை அறுக்கும். கல் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் மறுபடி பட்டை தீட்டித் தருவார். எடை கொஞ்சம் குறையும், கல் புதிதாகத் தெரியும். கல்லைக் கழற்றித் திரும்பப் பதிக்கிற செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்பவாங் மணி:
நன்றி தம்பி. ஆமாம், அவருடைய அம்மா கொடுத்த வைர மோதிரமும் அதே டப்பாவில்தான் இருக்கிறது. இன்றே பிரித்து வைக்கிறேன். இதைக் கடைக்காரர் ஒரு வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தாலும் போதுமே.

பொங்கோல் இளங்கோ:
மொய்சனைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஒளிவிலகல் எண் 2.65, நிறங்களாகப் பிரிக்கிற திறன் 0.104. இரண்டிலும் வைரத்தைவிட மேலே. கடினம் 9.25, அதுவும் சஃபையரைவிட மேல். ஒளியும் உழைப்பும் மட்டும் அளவுகோல் என்றால் அதுதான் முன்னால் நிற்கும். ஆனால் கொஞ்சம் பெரிய கல்லாகப் போட்டால் வானவில் அளவுக்கு மீறித் தெறிக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. சிஇசட் (கியூபிக் சிர்கோனியா) என்ற செயற்கைக் கல் 8 முதல் 8.5 வரைதான் கடினம், தினசரி மோதிரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யீஷூன் தமிழரசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மத்தியானம் அவரோடு போய் நடைபாதை நிழலில் பார்த்தேன். முதலில் காட்டிய கல்லின் நடுவில் எழுத்து அப்படியே தெரிந்தது, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இன்னொரு கடையில் நல்ல வெட்டில் ஒரு கல் இருக்கிறது, அவருக்கும் பிடித்துவிட்டது. மோதிரத்துக்கு இதுவே என்று முடிவு. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஏழுகல் வேண்டாம், ஒற்றைக்கல் போதும் என்கிறார். எந்த மாதிரி பதிக்கச் சொல்ல வேண்டும்? ரசீதில் என்ன இருக்க வேண்டும்? சுற்றிலும் சின்ன வைரங்கள் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று கடையில் சொல்கிறார்கள்.

பட்டறைக்காரன்:
சுற்றிலும் வைரம் வேண்டவே வேண்டாம். சின்ன வைரங்கள் பொறி பறக்கும்போது நடுவில் இருக்கிற சஃபையர் தூங்குகிறது போலத் தெரியும். தனியாக வைத்தால் அதன் அழகு தனியாக நிற்கும்.

916 தங்கம் கல்லைப் பிடித்து வைக்கிற முனைகளுக்கு மென்மை அதிகம். மோதிரம் என்றால் 18 காரட் தங்கம் அல்லது பிளாட்டினம் போடுங்கள். மஞ்சள் தங்கத்தில் கல் லேசாக வெதுவெதுப்பான சாயல் எடுக்கும், அது பிடித்தவர்களும் உண்டு. வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்றால் பிளாட்டினமோ வெள்ளைத் தங்கமோ. பட்டைகளின் விளிம்பு அடிபடாமல் இருக்கக் கல்லைச் சுற்றி மெல்லிய விளிம்பாக உலோகம் அணைக்கும் கட்டு நல்லது, ஆனால் பின்பக்கம் திறந்திருக்கட்டும். நம் பழைய தோடுகளைப் போல அடியை மூடிக் கட்டினால் உள்ளே அழுக்கு சேர்ந்து கழுவவே முடியாது. அம்மா தோட்டுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். சஃபையர் வைரத்தைவிட அடர்த்தி கூடியது, 4.00க்கு 3.52. அதனால் ஒரே காரட் எடை என்றால் சஃபையர் சிறியதாகத் தெரியும். வட்ட வைரம் ஒரு காரட் என்றால் சுமார் 6.5 மில்லிமீட்டர். சஃபையர் ஒரு காரட் ஏறக்குறைய 6தான்.

ரசீதில் இயற்கை சஃபையர், நிறமற்றது என்று எழுதியிருக்க வேண்டும். எடை, மில்லிமீட்டர் அளவு, சூடாக்கப்பட்டதா இல்லையா, உலோகத்தின் தரம், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதும் வேண்டும். பரிசோதனை அறிக்கையின் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கல் வேறாக இருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகும்போது அந்தத் தாள்தான் உதவும்.

தேக்கா சித்தி:
விற்கும்போது கல்லுக்கு விலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே அம்மா. இங்கே பழைய நகை எடுக்கிறவர்கள் தங்கத்தைத்தான் நிறுத்து எடுப்பார்கள், கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள்.

இரத்தினபுரிப் பேத்தி:
அறிக்கையில் குருந்தம், இயற்கை என்ற இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே தோண்டியது என்பதையும் போட்டுத் தரச் சொல்லிச் செலவழிக்க வேண்டாம். நிறமற்ற கல்லுக்கு அதனால் விலை பெரிதாக மாறாது. அந்தக் காசை நல்ல வெட்டுக்குக் கொடுங்கள்.

யீஷூன் தமிழரசி:
குறித்துக்கொண்டேன். இந்தச் சனிக்கிழமை முன்பணம் கட்டப் போகிறோம்.

பட்டறைக்காரன்:
சனிக்கிழமை மாலை வேண்டாம் தங்கச்சி. தேக்காவில் அப்போது கூட்டம் நெரியும், கல்லைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள். முடிந்தால் வேலை நாளில் காலை கடை திறந்ததும் போங்கள். விரல் அளவை மட்டும் மத்தியானம் எடுக்கச் சொல்லுங்கள், நம் ஊர் வெயிலில் காலையும் மதியமும் விரல் ஒரே அளவில் இருக்காது.